எல்கை சொன்னவன்

உண்மையைச் சொன்னால் எனக்குக் குதிரைகளை அவ்வளவாகப் பிடிக்காது. கிட்டே போனாலே தும்மல் வரும். இருபத்திரண்டு வருஷம் பந்தய வண்டியில் நின்றவன் இப்படிச் சொன்னதும் நேற்று நீங்கள் சிரித்துவிட்டீர்கள், சார். சிரிக்கத் தெரிந்த அதிகாரியிடம் விஷயத்தை வரிசையாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் ரைட்டர் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டேன். அவர் எழுதினால் எல்லோரையும் ‘மேற்படி நபர்’ ஆக்கிவிடுவார். இதில் வருகிறவர்கள் எனக்கு வேண்டியவர்கள்.

என் பெயர் சாமிதுரை, வயது ஐம்பத்து நாலு. குடவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலைக்குப் போனவர்கள். எனக்கு அரசாங்கத்தில் லஸ்கர் உத்தியோகம். வாய்க்கால் மதகுகளின் பலகையை ஏற்றுவதும் இறக்குவதும், முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் என் பொறுப்பு. இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரே ஒரு நாள்தான் முறை தப்பித் தண்ணீர் விட்டேன். அதுவும் இந்த விஷயத்தில் சேர்ந்ததுதான். வர வேண்டிய இடத்தில் வரும்.

ஜெய்னுலாபுதீனை ஊரில் எல்லோரும் ஜெய்னு என்பார்கள். அவனுடைய அத்தா கொரடாச்சேரி ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டியவர். ஆட்டோ வந்த பிறகு அந்தத் தொழில் போய்விட்டது. ஜெய்னு கடைத்தெருவில் தவிடு, புண்ணாக்கு வியாபாரம் வைத்துக்கொண்டு, பந்தயத்துக்கென்று மட்டும் ஒரு குதிரை வளர்த்தான். கடைசியாக வைத்திருந்தது ஒரு செம்பட்டைப் பெண் குதிரை. பெயர் சீமாட்டி. அவளுக்குக் கொடுக்கிற கொள்ளை அவன் வாயில் போட்டு ருசி பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் கொட்டுவான். இந்த மாதிரிக் கிறுக்குத்தனங்கள் அவனிடம் நிறைய உண்டு. அதனாலேயே அவனை எனக்குப் பிடிக்கும்.

பந்தயம் பார்த்திராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் இரண்டு பேர் உண்டு. கடிவாளம் பிடிப்பவர் சாரதி. அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பவர் துணைச் சாரதி. வண்டிகள் ரோட்டில் பாதித் தூரம் போய்த் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். திரும்புகிற இடத்துக்கு எல்கை என்று பெயர். அங்கே நடு ரோட்டில் ஒரு தார் டிரம் வைத்து அதில் சிவப்புக் கொடி கட்டியிருப்பார்கள். அதை வலது பக்கமாகச் சுற்ற வேண்டும். துணைச் சாரதி எல்கைக்குக் கொஞ்சம் முன்னால் குதித்து இறங்கி, வலது சக்கரத்தோடு ஓடி, வண்டியைத் தள்ளித் திருப்பிவிட்டு, ஓட்டத்திலேயே மறுபடியும் தொற்றி ஏறிக்கொள்வார். குதிரையின் உயரத்தைப் பார்த்துச் சின்னக் குதிரை, நடுக் குதிரை, பெரிய குதிரை என்று பிரிப்பார்கள். சின்னக் குதிரைக்கு எல்கை கிட்டத்தில் இருக்கும். பெரிய குதிரைக்கு ரொம்பத் தள்ளிப் போய்விடும்.

மைக்கில் குதிரை வைத்திருப்பவர் பெயரைச் சொல்வார்கள், சாரதி பெயரைச் சொல்வார்கள், ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். சீமாட்டி பெயரைக்கூட மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். துணைச் சாரதி யாரென்று யாரும் கேட்டதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. இருபத்திரண்டு வருஷம் பழகிப்போனதில் என்ன வருத்தம் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நன்னிலம் பக்கம் ஒரு பந்தயம். ஓட்டத்தின் நடுவே ஜெய்னு என்னிடம், “முன்னாடி ஒரு வண்டிதானே போகுது?” என்றான். மூன்று வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். பந்தயம் முடிந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தான்.

“சாமி, எனக்குச் சரியா தெரிய மாட்டேங்குது. எல்லாம் புகை மூட்டமா இருக்கு. யாருகிட்டயும் சொல்லிடாதே. ஹபீபுக்குத் தெரிஞ்சா கடிவாளத்தப் புடுங்கி அடுப்புல வச்சிடுவா.”

ஹபீபுன்னிசா அவன் மனைவி. சொன்னால் செய்யக்கூடியவள்தான். அவளிடம் நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தான். ஐம்பது வயதில் ஸ்டைலைப் பாரேன் என்று கடைத்தெருவில் கிண்டல் செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு வண்டியை ஓட்டியது நாங்கள் இரண்டு பேரும் என்றுதான் சொல்ல வேண்டும். நான் பின்னால் நின்றுகொண்டு ரோட்டைச் சொல்வேன். “பள்ளம்.” “இடது ஒடி.” “முன்னாடி ரெண்டு வண்டி, நடுவுல சந்து இருக்கு, விடு.” அவன் விடுவான். கண் தெரிகிற சாரதி யோசிக்கிற இடத்தில் அவன் யோசிக்க மாட்டான். நான் சொன்ன சொல் வாயை விட்டுப் போவதற்குள் கடிவாளம் அசைந்திருக்கும். நான் ஒரு நிமிஷம் வாயை மூடினால் போதும், “சொல்லு சாமி, சொல்லு சாமி” என்று கெஞ்சுவான். “எல்கை, வலது” என்பேன். டிரம்முக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி இருக்கும். மூன்று வருஷத்தில் அந்த டிரம்மை நாங்கள் ஒரு தடவைகூட உரசியதில்லை. பாபநாசத்தில் ஜெயித்தோம், ஒரத்தநாட்டில் ஜெயித்தோம். எங்கள் ஊர் ஆடிப் பதினெட்டுப் பந்தயத்தில் நடுக் குதிரைப் பிரிவில் மூன்று வருஷமும் முதல் பரிசுக் கொடி சீமாட்டிக்குத்தான். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று வருஷம்தான். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

முதல் வருஷமே அவனைக் கண் முகாமுக்கு அழைத்துப் போனது நான்தான். இதை யாரும் மறுக்க முடியாது. ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது, நல்ல கூட்டம். அவன் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வராந்தாவில் கண்ணை மூடி உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம், ஒரு மாதத்தில் ஊசியில் நூல் கோர்ப்பார் என்று சொல்லிச் சிரித்தார். நான் வராந்தாவுக்கு வந்தேன். ஜெய்னு கண்ணை மூடியபடியே, “என்ன சொல்றாங்க சாமி?” என்றான். நரம்பு காய்ந்துவிட்டது, கத்தி வைத்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று நான் சொன்னேன். அவன் கையால் துழாவி என் தோளைப் பிடித்தான். பிறகு, “சரி, நீ இருக்கேல்ல” என்றான்.

இதை ஏமாற்று என்று நீங்கள் எழுதுவீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆபரேஷன் எல்லோருக்கும் நன்றாக முடிகிறதா என்ன. கண்ணோடு ஓட்டிய காலத்தில் அவன் இரண்டு தடவை விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான். கண் போன பிறகு ஒரு கீறல் இல்லை. ஒருவனுக்கு எது நல்லது என்று கூட இருப்பவனுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் ஆனி மாதம் அவன் கூத்தாநல்லூரில் மகள் மர்யம் வீட்டுக்குப் போனான். பேரனுக்குச் சுன்னத்து. ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தான். அதுவரை சீமாட்டிக்குத் தண்ணீர் காட்டியதும் சாணம் அள்ளியதும் தும்மியதும் நான்தான். வந்த அன்றைக்கே தம்ரோட்டு இனிப்பு டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

“மர்யம் விடல சாமி. தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. நரம்பும் இல்ல ஒண்ணும் இல்லயாம். புரையாம். வெறும் புரை. ஆடி கழிச்சு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்காங்க.”

அவன் கேட்பான், நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று காத்திருந்தேன். அவனே சொன்னான். “அன்னைக்கு அந்த முகாம்ல ஒரே இரைச்சல். அந்தம்மா என்னத்தச் சொன்னுச்சோ, உன் காதுல என்னத்த வுழுந்துச்சோ. வுடு.”

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். திட்டியிருந்தால் சரியாகப் போயிருக்கும். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் எனக்காக ஒரு சாக்கைத் தயார் செய்து, மடித்து, கையில் கொடுத்தான். பெரிய மனுஷன். அதோடு நிறுத்தினானா, இல்லை.

“இந்த ஆடிப் பதினெட்டு ஒண்ணு மட்டும் சேந்து ஓட்டுவோம். அடுத்த வருஷத்துலேருந்து நீ மேடையில சேர் போட்டு உக்காரு. உனக்கும் முட்டி வலி. எவ்வளவு நாளைக்கு ஓடுவ?”

என்னுடைய முட்டி வலிக்கிறது என்று நான் அவனிடம் சொன்னதே கிடையாது. என் சம்சாரம் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். மேடையில் சேர் போட்டு உட்காருகிறவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். உரக்கடைக்காரர்கள், கான்ட்ராக்டர்கள், சால்வை போர்த்திக்கொள்ள வந்தவர்கள். நான் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது, கைதட்டுவதா. அன்று அவன் போன பிறகு தம்ரோட்டை எடுத்துக் கோழிக்குப் போட்டேன்.

இனிமேல் நீங்கள் கேட்ட தேதிகளை வரிசையாகத் தருகிறேன்.

ஆடிப் பதினாறாம் தேதி சீமாட்டியை லாடம் அடிக்க ஓட்டிக்கொண்டு போனேன். வழக்கமாக மெல்லிய லாடம்தான் அடிப்போம். அன்று கனமான லாடமாக அடிக்கச் சொன்னேன். ரோடு புதுசாகப் போட்டிருக்கிறார்கள், வழுக்கும் என்று காரணம் சொன்னேன். பதினேழாம் தேதி காலையில் விழாக் கமிட்டித் தலைவர் பரிதியின் உரக்கடைக்குப் போனேன். மற்ற ஊர்க்காரர்கள் சீமாட்டி உயரத்தைப் பற்றி முணுமுணுக்கிறார்கள், வேண்டியவனுக்குச் சலுகை என்று பெயர் வரும், நாளைக்கு அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள் என்று சொன்னேன். யாரும் முணுமுணுக்கவில்லை. பரிதி என் நேர்மையைப் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தார். பதினெட்டாம் தேதி காலையில் அளந்தார்கள். லாடத்தின் கனத்தில் ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது. சீமாட்டியை நடுக் குதிரையிலிருந்து எடுத்துப் பெரிய குதிரையில் சேர்த்துவிட்டார்கள்.

இதை எதற்குச் செய்தேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். நடுக் குதிரையின் எல்கை ஜெய்னுவின் உடம்புக்குத் தெரியும். எந்தப் பாலத்தில் வண்டி தூக்கிப் போடும், அதற்கு எவ்வளவு தூரத்தில் டிரம் வரும் என்று எண்ணிவைத்திருப்பான். பெரிய குதிரையின் எல்கை அதைத் தாண்டி இரண்டு மைல். அந்த ரோட்டில் கண் போன பிறகு அவன் ஓட்டியதே இல்லை. அங்கே நான் சொல்வது மட்டும்தான் ரோடு.

அந்த ரோட்டையும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். கடைசி ஒரு மைலுக்கு வலது பக்கம் ஒட்டியே பாசன வாய்க்கால் வருகிறது. கரை கிடையாது, கட்டை கிடையாது. அது முடிகிற இடத்தில்தான் நெல் கொள்முதல் செய்கிற சிமெண்டுக் களம். அங்கே ரோடு அகலமாகிறது. வண்டிகள் திரும்ப வசதியாக இருக்கும் என்று டிரம்மை அதற்கு நேரே வைப்பார்கள். களத்துக்கு நூற்றைம்பது கெஜம் முன்னால் ஒரு மதகு இருக்கிறது. அது என் பொறுப்பில் உள்ள மதகு.

அந்த வாய்க்காலுக்கு முறை பத்தொன்பதாம் தேதி. நான் பதினெட்டாம் தேதி விடியும்போதே பலகையை ஏற்றிவிட்டேன். ஏழு மணிக்கெல்லாம் கழுத்தளவு ஓடியது. ஆடி மாதத்தில் ஒரு நாள் முன்கூட்டித் தண்ணீர் வந்தால் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள்.

பெரிய குதிரை என்றதும் ஜெய்னுவுக்குச் சிரிப்பு வந்தது. “நம்ம சீமாட்டிக்கு அவ்வளவு உசரமா? கொள்ளு தின்னு வளந்துட்டாளோ?” என்று அவள் கழுத்தைத் தட்டினான். பிறகு என் பக்கம் திரும்பி, “புது எல்கை சாமி. பாத்து வச்சிருக்கியா?” என்றான். பார்த்துவைத்திருக்கிறேன் என்றேன். அது உண்மைதான். முந்தின நாள் சைக்கிளில் போய் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

கொடி அசைத்தார்கள். பதினொரு வண்டிகள். பின்னால் முப்பது நாற்பது மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. அன்று நான் சொன்ன மாதிரி என்றைக்கும் சொன்னதில்லை. அதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்வேன். இரண்டாவது மைலில் ஏழாவது இடம், நாலாவது மைலில் மூன்றாவது இடம், வாய்க்கால் கூட வர ஆரம்பித்தபோது நாங்கள் முதலில் இருந்தோம். “எப்படிடா இருக்கு?” என்று ஜெய்னு கத்தினான். நன்றாக இருக்கிறது என்று கத்தினேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால் இருக்கலாம்.

மதகு வருவதற்கு முன்னால் “பிடி” என்றேன். அவன் வேகத்தைக் குறைத்தான். நான் குதித்து இறங்கி வண்டியோடு ஓடினேன். “எல்கை, வலது” என்றேன். வண்டி வலது பக்கம் திரும்பி வாய்க்காலுக்குள் போயிற்று.

நானும் உடனே குதித்தேன். இதற்கு நாற்பது பேர் சாட்சி. வண்டி தலைகீழாகக் கிடந்தது. சீமாட்டி கழுத்தை நீட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாள். நான் இடுப்புக் கத்தியை எடுத்து அவளுடைய வாரை அறுத்துவிட்டேன். வாயில்லாத ஜீவன், அதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. அறுத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்கு அடியில் ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது. பிடித்தபடி இருந்தது, பிறகு விட்டுவிட்டது. மற்றவர்கள் வந்து வண்டியைப் புரட்டிய பிறகு அவனை எடுத்தோம். ஊரில் என்னைப் பற்றி ஒருவரும் தப்பாகப் பேசவில்லை. புது எல்கை, சாமிக்கும் இடம் பிடிபடவில்லை, பாவம் இடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டான், ஆனாலும் உயிரைக் கொடுத்துக் குதித்தான் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவன் கண் விஷயமும் அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. நான்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. குடவாசல் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் என்னை அறியாமல் வாய் முணுமுணுக்கிறது. பள்ளம். இடது. ஆள் குறுக்கே. கண்டக்டர் முதலில் சிரித்தார், பிறகு என்னைப் பின் சீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பின் சீட்டிலும் நிற்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டால் காதுக்குப் பக்கத்தில் “சொல்லு சாமி” என்கிறது. ஜெய்னுவின் குரல்தான். கோபமே இல்லாத குரல். மதகுக்குப் போய்ப் பலகையில் கை வைக்கும்போதும் கேட்கிறது. சொல்லாமல் விட்டால் விடாமல் கேட்கிறது. ரோட்டில் தனியாக நடந்துபோகும்போதும் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே போகிறேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். ஹபீபுன்னிசா துக்கம் காக்கும் இத்தாவில் இருந்தாள், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு என்னை இருக்கச் சொல்லி, உள்ளறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினாள். திரையில் பச்சைப் பூப் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

“சாப்பிட்டீங்களாண்ணே?”

“ஆச்சும்மா.”

“அவங்க உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அது எனக்கு உறுத்திக்கிட்டே கெடக்கு. சொல்லிடுறேன்.”

“என்னம்மா பொய்?”

“ஆபரேஷன் ஆடி கழிச்சுன்னு சொன்னாங்கள்ல. வலது கண்ணு அப்பவே ஆயிடுச்சு. மர்யம் வீட்டுல இருக்கயிலயே பண்ணிட்டாங்க. நல்லாத் தெரிஞ்சுது அவங்களுக்கு. காலண்டர்ல உள்ள பொடி எழுத்தெல்லாம் படிச்சுக் காட்டுனாங்க. இடது கண்ணுக்குத்தான் ஆடி கழிச்சுத் தேதி.”

எனக்குத் தும்மல் வருவது போல இருந்தது. வரவில்லை. “ஏன் என்கிட்ட சொல்லலை?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா நீங்க வண்டியில ஏற மாட்டீங்களாம். ‘இந்த ஒரு தடவை அவன் சொல்லி நான் ஓட்டுறேன் ஹபீபு, அதுல அவனுக்கு ஒரு சந்தோஷம்’னாங்க. நான்கூடச் சண்டை போட்டேன், கண்ணு ஆறுறதுக்குள்ள எதுக்கு இந்தப் பந்தயம்னு. கேக்கல.”

பிறகு அவளே கேட்டாள். “கண்ணு தெரிஞ்ச மனுஷன் வாய்க்கால்ல எப்படிண்ணே திருப்புவாங்க? எனக்கு அதுதான் வெளங்கல.”

தெரியலம்மா என்றேன். குதிரையை நீங்களே வச்சுக்குங்க, அவங்க அப்படித்தான் ஆசைப்பட்டிருப்பாங்க என்றாள். சீமாட்டியை என் வீட்டுக்கு ஓட்டிவந்தேன். வழியில் ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாள், சுற்றிக்கொண்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் கூப்பிட்டனுப்பினீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் எடுத்த வீடியோவைக் காட்டினீர்கள். எத்தனையோ பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். வண்டி விழுந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். “துணைச் சாரதி எப்பவும் வலது சக்கரத்தோடு ஓடுவாருன்னு சொல்றாங்க. நீங்க ஏன் இடது பக்கம் ஓடுறீங்க?” என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வலது பக்கம் ஓடினால் நானும் அல்லவா வாய்க்காலுக்குள் போயிருப்பேன். அதை நான் வீட்டிலேயே யோசித்து முடிவு செய்திருந்தேன்.

வண்டி திரும்பிய இடத்தை மேலே எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இது முழுசாகாது.

நான் “எல்கை, வலது” என்றதும் அவன் உடனே திருப்பவில்லை. மூன்று வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவன் திருப்பிக் கேட்டதில்லை. அன்று கேட்டான். இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்த என்னைக் குனிந்து பார்த்து, “இங்கயா சாமி?” என்றான். புது எல்கை, தடுமாறுகிறான் என்று அப்போது நினைத்தேன். இப்போது தெரிகிறது, அவன் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறான். களத்தையும் பார்த்திருப்பான், நூற்றைம்பது கெஜத்துக்கு அப்பால் சிவப்புக் கொடியையும் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான். குரலில் சந்தேகம் எதுவும் இல்லை. கடையில் எந்த மூட்டையை இறக்குவது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். அந்தக் கேள்விதான் இப்போது எனக்குப் பகல் முழுக்கக் கேட்கிறது.

“ஆமா, இங்கதான்” என்றேன். அவன் சரி என்று தலையசைத்துவிட்டுக் கடிவாளத்தை வலது பக்கம் சுண்டினான்.

ஆகவே, நீங்கள் நேற்று கேட்டதற்குப் பதில், ஆமாம், தெரிந்துதான் செய்தேன். லாடமும் நான்தான், உயரம் அளக்கச் சொன்னதும் நான்தான், தண்ணீரும் நான்தான், சொல்லும் என்னுடையதுதான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவன் சாக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அவனில்லாமல் எனக்கு என்ன இருக்கிறது. ஹபீபுன்னிசாவிடம் என்னால் இதைச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லும்போது இந்தக் கடைசி விஷயத்தையும் அவளுக்கு விளங்கும்படி சொல்லுங்கள், கண் தெரிந்த மனுஷன் எப்படித் திருப்புவார் என்று கேட்டாளே. தண்ணீர் கண்ணெதிரே தெரிந்தும் அவன் என் சொல்லைத்தான் கேட்டான். கண் வந்த பிறகும் நான் சொல்லாமல் அவனால் ஓட்ட முடியவில்லை, சார். அதைத்தான் நான் அவனுக்குக் காட்ட நினைத்தேன்.